போன முறை சொன்னது

தை மாதத்தில் என் கடைக்குள் நுழைகிறவர்களுக்கு என் வாயிலிருந்து முதலில் வருவது "சப்பாத்தைக் கழற்றுங்கோ" என்பதுதான். பனியை மிதித்து வந்து தரையெல்லாம் சேறாக்கிவிட்டு, பாஸ்போர்ட் படத்தில் தன்னை வெள்ளையாகக் காட்ட முடியுமா என்று கேட்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கடைசி மூலை என் கடை. ஒரு பக்கம் படம் எடுப்பேன், நடுவில் ஊருக்குப் பொதி அனுப்புவேன், மற்றப் பக்கம் சேதிவிதை வாசிப்பேன். சனங்கள் என்னை சுபோ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வாய்க்காரி என்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

வதனியக்காவிடமும் அவர் புருஷன் சிறியண்ணையிடமும் மட்டும் நான் சப்பாத்துச் சட்டம் பேசியதில்லை. அவர்கள் வரும்போது இருவருக்கும் கை ஒழியாது. நாற்றுத் தட்டைக் குளிர் தீண்டாமல் தன் கோட்டுக்குள் அணைத்தபடி அக்கா வருவார், அவர் வழுக்கிவிடாமல் அண்ணை பின்னால் பிடித்துக்கொண்டு வருவார். அவர்களைக் குனி, கழற்று என்று சொல்ல எந்த வாய்க்காரிக்கும் மனம் வராது.

சேதிவிதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாத்தாவின் மூக்கு பேரனுக்கு எதில் எழுதி வருகிறதோ, அதே இடத்தில் விதைக்குள் ஒருவருடைய குரலை எழுதிவிடுவார்கள். பத்துச் சேதி. முதல் விதை முளைத்தால் முதல் சேதி திறக்கும். அந்தச் செடி பூத்து, காய்த்து, அதன் விதை மறுபடி முளைத்தால் இரண்டாவது திறக்கும், முதலாவது அழிந்துபோகும். முன்கூட்டிப் பார்க்க வழியே இல்லை. நாற்றின் ஓர் இலையைக் கிள்ளி என் மெஷினின் வாயில் போட்டால், அன்றைக்குத் திறந்திருக்கும் சேதியை அது சொல்லும். நான் அந்த மெஷினை உண்டியல் என்பேன்.

பெரும்பாலும் சாகப்போகிறவர்கள்தான் இதைச் செய்வித்து வைப்பார்கள். இருக்கிறவர்களுக்கு வருஷா வருஷம் ஒரு வேலை இருக்கும், அந்த வேலைக்காகவாவது எழும்பி நடமாடுவார்கள் என்பது நினைப்பு. கோடையில் வெளியே நட்டால் பக்கத்து வீட்டுச் செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து கலந்துவிடும், உங்கள் மகளின் குரலுக்குள் யாரோ ஒருவருடைய மாமனார் இருமுவார். அதனால் பனிக்கால மாரியில், வீட்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில்தான் வளர்க்க வேண்டும்.

ஆரபி அவர்களுக்கு ஒரே பிள்ளை. காசித்தும்பை விதையில்தான் தன் குரலை எழுதச் சொன்னாளாம். சின்ன வயதில் தாய் விதைக்கென்று விட்ட தும்பைக் காய்களையெல்லாம் ஒன்றுவிடாமல் தொட்டு வெடிக்கவைத்து அடி வாங்கியவள். "இனி அம்மா வெடிக்காமல் காவல் இருக்கட்டும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சிரித்தாளாம்.

முதல் வருஷச் சேதியில் தகப்பனைக் கார்ச் சில்லுக்குக் காற்று அடித்தீர்களா என்று கேட்டாள். அடுத்த வருஷம் தாயிடம், புட்டுக்கு உப்புப் போட மறக்கிறதை இனியாவது நிறுத்தச் சொன்னாள். இப்படித்தான் எல்லாம். ஒரு நிமிஷம்கூட வராது. சிறியண்ணை கேட்டுக் கேட்டுச் சிரித்து அழுவார். வதனியக்கா மட்டும் முழுவதையும் தலை குனிந்து கேட்டுவிட்டு, "இவ்வளவுதானோ?" என்பார். எனக்கு முதலில் கோபம் வந்தது. செத்த பிள்ளை பேசுகிறது, இந்த மனுசி கறிக்கடையில் நிறுவை பார்க்கிற மாதிரி நிற்கிறாரே என்று.

மூன்றாவது வருஷம்தான் காரணம் சொன்னார். ஆரபிக்குக் கலியாணம் பேசி, மண்டபமும் சொல்லி வைத்த பிறகு, அவள் வேண்டாம் என்றுவிட்டாள். மாப்பிள்ளை பிழை இல்லை, எனக்குக் கலியாணமே வேண்டாம் என்று சொல்லி, வடக்கே யெலோநைஃப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் பெட்டியைக் கட்டினாள். பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் வாசலைத் தாண்டும்போது வதனியக்கா ஒரு சொல் சொல்லிவிட்டார்.

"செத்தாலும் இந்த வாசலுக்கு வராதை எண்டு சொல்லிப்போட்டன், சுபோ. நாலு வருஷம் அவள் ஒரு போன் கோல் எடுக்கேல்லை. பேந்து நோய் வருத்தத்தோடை அதே வாசலாலைதான் சில்லு நாற்காலியிலை கொண்டு வந்தனாங்கள். என்ரை நாக்கு கரிநாக்கு."

ஒரு வருஷம் தாய் மகளைக் குளிப்பாட்டினார், ஊட்டினார், தலை வாரினார். அந்தச் சொல்லைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்க அக்காவுக்குப் பயம். பிள்ளை தானாகச் சொல்லுவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கவே பிள்ளை போய்விட்டாள். மன்னித்தாளா, இல்லையா? பத்துச் சேதியில் ஒன்றிலாவது அதைச் சொல்லாமலா இருப்பாள்? அதற்காகத்தான் மனுசி மாரிக்கு மாரி காத்திருந்தார். எனக்கு அதைக் கேட்ட பிறகு அவரைக் கோபிக்க முடியவில்லை.

அவர்கள் வீட்டு நிலவறையை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, உள்ளே தட்டுத் தட்டாக நாற்று. மிளகாய், கத்தரி, தக்காளி எல்லாம் தயிர்ப் பேணிகளிலும் முட்டைப் பெட்டிகளிலும். காசித்தும்பைக்கு மட்டும் நடுத் தட்டு, நல்ல விளக்கு, அடியில் சூட்டுப் பாய். காற்றில் ஆடினால்தான் தண்டு பலக்கும் என்று சின்னதாய் ஒரு காற்றாடி. பேணிக்கு மூன்று விதை போடுவார். இரண்டாம் சோடி இலை வந்ததும் மூன்றில் நன்றாக எழும்பியதை விட்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுவார். விதைக்கும் அப்படியே. இருக்கிற செடிகளுக்குள் மொத்தமான தண்டும் அடர்ந்த இலையும் உள்ள ஒன்றைத் தேர்ந்து அதில் சிவப்புச் சீலைக் கிழிசல் கட்டுவார். விதைக்கு விட்டது, தொடாதே என்று அர்த்தம். அதன் காய்கள் வெடித்துச் சிதறாமல் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய துணியில் பை கட்டுவார். ஸ்காபரோவிலேயே இவ்வளவு வடிவான நாற்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எடுத்துவிட்ட நோஞ்சான்களைக் குப்பையில் போட மட்டும் மனம் வராது அவருக்கு. பெரும்பாலானவற்றைக் கத்தரிக்கோலால் நறுக்கி உரத்தோடு சேர்த்துவிடுவார். வேரோடு வருகிற ஒன்றிரண்டை ஒரு கடதாசிக் கோப்பையில் வைத்து எனக்குக் கொண்டு வருவார். "வெறுங்கையோடை எப்பிடி வாறது?" என்பார். எனக்குச் செடி வளர்க்கத் தெரியாது, பிளாஸ்டிக் பூவே என் கடையில் வாடிவிடும் என்று சொன்னாலும் கேட்க மாட்டார். மூன்றாவது வருஷம் கொண்டுவந்ததை, என் யன்னலோரம் இருந்த கறிவேப்பிலைத் தொட்டிக்குள் விரலால் குத்தி நட்டுவிட்டு மறந்துபோனேன்.

நாலாவது வருஷச் சேதியில் இடையிடையே சொற்கள் விழுந்திருந்தன. ஐந்தாவதில் பாதிதான் கேட்டது. மெஷின் பிழையோ என்று மற்றவர்களின் இலைகளைப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சுத்தமாகப் பேசின. வதனியக்கா தன் வளர்ப்பில்தான் குறை என்று முடிவு கட்டினார். புது விளக்கு வாங்கினார். மண்ணை மாற்றினார். முன்னைவிடக் கவனமாகத் தேர்ந்து, ஆகச் சிறந்த செடிக்கே சிவப்புத் துணி கட்டினார்.

ஆறாவது வருஷம் அவர் கொண்டுவந்த நாற்றுகளைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன். ஒவ்வொன்றும் கரும்பச்சை. இலையைப் போட்டேன். உண்டியல் வாயை மூடிக்கொண்டது. அடுத்ததைப் போட்டேன். எல்லாவற்றையும் போட்டேன். இரைச்சல்கூட வரவில்லை.

கம்பனியில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறார், டொக்டர் பூவண்ணன். கோயம்புத்தூர்ப் பிள்ளை. திரையில் அவரைக் கூப்பிட்டேன். நாற்றுகளைக் காட்டச் சொன்னார், மெஷின் எடுத்த கணக்கை அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டுக் கன்னத்தைச் சொறிந்தார்.

"செடி அருமையா இருக்கும்மா. அதுதான் பிரச்சனையே," என்றார். "அந்தச் சேதி இருக்கே, அது செடிக்கு ஒரு மூட்டை மாதிரி. அதால செடிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, ஆனா தூக்கிட்டே வளரணும். அதனால சேதி உள்ள நாத்து எப்பவும் கொஞ்சம் நோஞ்சானாத்தான் இருக்கும். ஏதாவது ஒரு நாத்துல அந்த மூட்டையில கொஞ்சம் கழண்டு விழுந்துட்டா, அது சட்டுனு தழைச்சிடும். நீங்க விதைக்கு எதை விட்டீங்க?"

"நல்லதைத்தான் விட்டனான்," என்றார் வதனியக்கா.

"ஒவ்வொரு வருஷமுமா?"

"நோஞ்சானிலை ஆராவது விதை எடுப்பினமோ, தம்பி?"

பூவண்ணன் தலை குனிந்தார். மற்றவர்கள் யாரும் இப்படி வளர்ப்பதில்லை, முளைத்ததை முளைத்தபடி விட்டுவிடுவார்கள், அதனால் இந்தத் தொல்லை எங்களுக்கு வந்ததே இல்லை என்று மெதுவாகச் சொன்னார். இவ்வளவு நன்றாக ஒருவர் வளர்ப்பார் என்று நாங்கள் நினைக்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார்.

"அப்ப அவள் இருந்தது..."

"நீங்க எடுத்துப் போட்டதுலதான்மா இருந்திருக்கும்."

வதனியக்கா அழவில்லை. தட்டில் இருந்த நாற்றுகளின் தலையை ஒரு முறை தடவிப் பார்த்தார். "நானேதான் கத்தரிக்கோலை வைச்சனான்," என்றார். அந்தத் தட்டை என் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போனார். அண்ணை அவரது கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். பிறகு படம் எடுக்க வந்த ஒருவரைக் காரணமில்லாமல் ஏசி அனுப்பினேன்.

அடுத்த கிழமை சிறியண்ணை தனியே வந்தார். சப்பாத்தைத் தானாகவே கழற்றினார், அதிலேயே ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று விளங்கிவிட்டது. வதனியக்கா நிலவறைக்குப் போவதில்லையாம், விளக்குகளை அணைத்துவிட்டாராம், மிளகாய்க் கன்றுகூடக் காய்கிறதாம். சாப்பாடும் இல்லை. சுவரைப் பார்த்து இருக்கிறாராம். மேசையைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை, அவளின்ரை பழைய சேதி எல்லாம் உம்மட்டை பதிஞ்சு இருக்குதுதானே. அந்தக் குரலை வைச்சு ஒரு வரி செய்யலாமாம். சின்னப் பெடியளே செய்யினமாம். ‘அம்மா, எனக்கு உங்களிலை கோபம் இல்லை’ எண்டு ஒரு வரி. வேறை ஒண்டும் வேண்டாம்."

செய்யலாம்தான். தேத்தண்ணி ஆறுவதற்குள் செய்து கொடுக்கலாம். செய்யமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினைத் துடைக்கத் தொடங்கினேன். ஒரு பொய்யால் ஒரு மனுசி எழும்பிச் சாப்பிட்டால் அது என்ன பாவம் என்று மனம் கேட்டது. பிறகு ஒருநாள் அது பொய் என்று தெரிந்தால் அந்த மனுசி மகளை மூன்றாந்தரம் பறிகொடுப்பாரே என்றும் அதே மனம் கேட்டது. அவர் வெட்கப்பட்டு யன்னல் பக்கம் திரும்பினார்.

திரும்பியவர் அப்படியே நின்றார்.

"இதென்ன, காசித்தும்பையோ?"

கறிவேப்பிலையின் காலடியில் மூன்று சின்னச் செடிகள் கோணல்மாணலாக நின்றன. ஒன்றில் மங்கிய ரோஸ் நிறத்தில் ஒரு பூ. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா தந்த நோஞ்சான் அந்த யன்னல் வெயிலில் மாரி கோடை பாராமல் பூத்தது, காய் வெடித்தது, விழுந்த விதை தானாக முளைத்தது, மறுபடி பூத்தது, வருஷத்துக்கு இரண்டு மூன்று தலைமுறை. நான் தண்ணீர் விடுவதும் மறப்பதும்தான். ஒன்றே ஒன்று செய்தேன். உயரமாக வந்தவற்றைக் கறிவேப்பிலைக்கு வெளிச்சத்தை மறைக்கிறதே என்று பிடுங்கி எறிந்துவிடுவேன். குட்டைகளைக் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அக்கா நிலவறையில் செய்ததற்கு நேர் எதிர். அதுவும் சோம்பலில்.

அண்ணை தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். இப்போதே ஓர் இலையைப் போட்டுப் பார்ப்போமா என்றார். நான் விடவில்லை. தாய் வரட்டும் என்றேன்.

அன்று பின்னேரமே வந்தார்கள். வதனியக்கா தலைகூட வாரவில்லை. தொட்டியின் முன்னால் நின்று அந்தக் கோணல் செடிகளைப் பார்த்தபடி இருந்தார். தன் வீட்டில் என்றால் முதல் நாளே நறுக்கியிருப்பார். எந்த இலையைக் கிள்ளட்டும் என்று கேட்டேன். "நோகாத இலையாய்ப் பார்த்து எடு," என்றார்.

இலையை உண்டியலில் போட்டேன். திரையில் பத்தாம் எண் வந்தது. பத்தோடு கணக்கு நின்றுவிடும், அதற்குப் பிறகு எத்தனை தரம் பூத்தாலும் அதே சேதிதான். இது கடைசி என்று மட்டும் அவர்களுக்குச் சொன்னேன். அதற்குள் குரல் வந்துவிட்டது. ஒரு சொல்லும் விழாமல், பக்கத்து அறையில் இருந்து கதைப்பதுபோல வந்தது.

"அம்மா, அப்பா, இதுதான் கடைசி. பத்து முறை வீட்டுக்குள்ளை தும்பை வளர்த்துக் களைச்சுப்போயிருப்பியள். இனி அந்த விளக்கை மிளகாய்க்கு விடுங்கோ. அப்பா, கண்ணைக் காட்டப் போங்கோ, சாட்டுச் சொல்லாதேங்கோ. அம்மா... அந்த வாசல் கதை. அதைப் பற்றிப் போன முறை எல்லாம் சொல்லிப்போட்டன். அதைச் சொல்ல மனம் வர எனக்கு ஒன்பது சேதி எடுத்தது. திருப்பிச் சொல்ல மாட்டன் அம்மா, ஒருக்கால் சொன்னால் போதும். மனதாரத்தான் சொன்னனான். சரி. போட்டு வாறன்."

உண்டியல் ஓய்ந்தது. வெளியே பனி வழிக்கிற வண்டி ஒன்று இரைந்துகொண்டு போனது.

"போன முறை எண்டு சொல்லுறாள்," என்றார் வதனியக்கா. "அது எங்கை, சுபோ? அதைப் போடு."

சிறியண்ணை என்னைப் பார்த்தார். அவர் கண் கெஞ்சியது. இப்போது ஒரு வரி போதும், அந்தப் போன சேதியை நானே முன்பு கேட்டேன் என்று சொன்னால்கூடப் போதும். சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், உண்மையாக நினைத்தேன். ஆனால் ஆரபியின் குரல் இன்னும் அந்த அறைக்குள் இருந்தது. அவள் ஒன்பது சேதி வரைக்கும் தைரியம் சேர்த்துச் சொன்ன ஒன்றுக்குப் பதிலாக என் பொய்யை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

"அது இந்தத் தொட்டியிலை பூத்து, காய் வெடிச்சு, விழுந்திட்டுது அக்கா. நாங்கள் ஆரும் வாசிக்கேல்லை."

"எப்ப?"

"தெரியாது. கோடையிலையாக்கும். நான் கவனிக்கேல்லை."

அவர் என்னை ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவர் தொட்டியின் மண்ணில் கை வைத்தார். உதிர்ந்து கறுத்த பூவும் மக்கிய தண்டும் ஒன்றாய்க் கிடந்த மண்.

"நல்லாத்தான் சொல்லியிருப்பாள், வதனி," என்றார் அண்ணை. "மனதாரச் சொன்னனான் எண்டாளே."

"கோபத்தையும் மனதாரச் சொல்லலாம்," என்றார் அக்கா. பிறகு, "நல்லதோ கெட்டதோ, பிள்ளை சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கிறாள். கேக்கத்தான் நான் இருக்கேல்லை," என்றார். அப்போதுதான் அழுதார். ஆறு வருஷமாக என் கடையில் அழாத மனுசி, கறிவேப்பிலைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். வாசலில் படம் எடுக்க வந்து நின்ற குடும்பத்தை நான் கைகாட்டித் திருப்பி அனுப்பினேன்.

போகும்போது அந்தத் தொட்டியைத் தரமுடியுமா என்று கேட்டார். தும்பையை மட்டும் கிளப்பித் தரட்டுமா, கறிவேப்பிலை பாரமாக இருக்குமே என்றேன். வேண்டாம், மண்ணோடு வேண்டும் என்றார். அண்ணை தூக்கிப் போய்க் காரின் பின் இருக்கையில் வைத்து இருக்கைப் பட்டியும் மாட்டினார்.

இதெல்லாம் நடந்து இப்போது மூன்று மாரி போய்விட்டது. அவர்கள் வீட்டு நிலவறை விளக்குகள் மறுபடி எரிகின்றன. அதன் கீழே மிளகாயும் கத்தரியும்தான். தைப்பொங்கலுக்குப் போயிருந்தேன். ஒரு பேணியில் நாற்றுகள் இரண்டு மூன்றாக நின்றன. நறுக்கவில்லையா என்று கேட்டேன். "நிக்கட்டும்," என்றார்.

என் தொட்டி சமையலறை யன்னலில் இருந்தது. தும்பை எப்போதோ பட்டுப்போயிருந்தது. கறிவேப்பிலை மட்டும், ஆரபியின் சொல் விழுந்த அந்த மண்ணைத் தின்று யன்னலை மறைத்து வளர்ந்திருந்தது. நான் வழக்கம்போல, "அக்கா, குளிருக்குள்ளை கறிவேப்பிலை இப்பிடித் தழைக்குது, எனக்கும் ரெண்டு நெட்டு முறிச்சுத் தாங்கோவன்," என்று கையை நீட்டிவிட்டேன்.

வதனியக்கா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, தமிழ்க் கடையில் வாங்கிய கறிவேப்பிலைக் கட்டு ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார்.